தீவு எங்கே போகிறது?



2010 ஜனவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகைக்கு ஒரு விநோதமான சங்கடம் நேர்ந்தது. நாட்டின் நிலை பற்றி அதிபர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் ஆற்றும் உரைக்கு அந்த ஆண்டு இன்னும் நாள் குறிக்கவில்லை. பிப்ரவரி 2 ஆக இருக்கலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அன்றைக்குத்தான் ‘லாஸ்ட்’ தொடரின் ஆறாவதும் கடைசியுமான சீசன் தொடங்குவதாக ஏபிசி தொலைக்காட்சி அறிவித்திருந்தது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஒபாமாவின் பத்திரிகைச் செயலாளர் ராபர்ட் கிப்ஸ், செய்தியாளர்களிடம் இதற்கென்று ஒரு பதில் சொல்ல வேண்டிவந்தது: தொடருக்காகக் காத்திருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்குக் குறுக்கே அதிபர் வரமாட்டார் என்று. உரை ஜனவரி 27-லேயே நடந்து முடிந்தது.

அந்தக் கூட்டம் எதற்காகக் காத்திருந்தது? நல்ல கதைக்காக என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஐந்து வருஷமாகப் போட்டு வைத்திருந்த கணக்கு சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு விடை இருந்தது. தீவு என்பது சொர்க்கத்துக்கும் நரகத்துக்கும் நடுவிலுள்ள இடம். இல்லை, அது ஒரு மனோதத்துவப் பரிசோதனைக்கூடம். இல்லை, எல்லாமே ஒரு சிறுவனின் கற்பனை. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்திலும் கல்லூரி விடுதியிலும் இதே வழக்கு நடந்தது. இப்படி ஊகிப்பதை வேலையற்ற வேலை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அமானுஷ்யத் தொடரின் ரசிகர்கள் ஊகிக்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையின் வாசலை மட்டும் காட்டுகிறேன். முடிவையும் பிறகு சொல்லத்தான் போகிறேன். 2010-ல் முடிந்த தொடருக்கு ரகசியம் காக்கச் சொன்னால் என்னால் ஆகாது. 2004 செப்டம்பர் 22 அன்று முதல் எபிசோடு ஒளிபரப்பானது. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகும் ஓஷியானிக் 815 என்ற விமானம் ஒரு தீவில் நொறுங்கி விழுகிறது. தப்பிப் பிழைத்தவர்கள் கடற்கரையில் உட்கார்ந்திருக்கும்போதே, காட்டுக்குள் ஏதோ ஒன்று மரங்களை முறித்துக்கொண்டு நடக்கிறது. அடுத்த நாள் அது விமானியை விமானத்தின் முன்னறையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. வெப்ப நாட்டுத் தீவில் ஒரு பனிக்கரடி பாய்ந்து வருகிறது. வானொலிப் பெட்டியைத் திருகினால், பிரெஞ்சு மொழியில் ஒரு பெண் உதவி கேட்கும் குரல். பதினாறு வருஷமாகத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஒருவன் கேட்பதோடு அந்தத் தொடக்கம் முடிகிறது. நான்காவது எபிசோடில் இன்னொன்று: தீவில் கத்தியும் கையுமாகப் பன்றி வேட்டையாடுகிற ஜான் லாக், விமானம் ஏறும்வரை சக்கர நாற்காலியில் இருந்தவர்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். துப்பறியும் கதையில் ஊகிப்பவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. கொலை நடந்த அறை உள்பக்கம் தாழிட்டிருந்தால், கொலைகாரன் சுவரைத் துளைத்துக்கொண்டு ஆவியாகப் போயிருக்க மாட்டான் என்பது வாசகனுக்கும் எழுத்தாளனுக்கும் நடுவில் எழுதாத ஒப்பந்தம். உலகத்தின் விதிகள் முன்கூட்டியே தெரியும். ஆள் மட்டும்தான் தெரியாது. அதனால் கெட்டிக்காரனுக்கு வெல்ல வாய்ப்பு உண்டு. டிக்கன்ஸின் ‘பார்னபி ரட்ஜ்’ தவணை முறையில் வந்துகொண்டிருந்தபோதே, 1841 மே மாதம், கொலைகாரன் யாரென்று எட்கர் ஆலன் போ அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். சில விவரங்களில் சறுக்கினாலும் ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

அதே டிக்கன்ஸ் 1870 ஜூன் மாதம் இறந்தபோது ‘எட்வின் ட்ரூடின் மர்மம்’ பன்னிரண்டு தவணைகளில் ஆறோடு நின்றுபோயிற்று. ட்ரூட் செத்தானா, கொன்றது யார் என்று இங்கிலாந்தே அடித்துக்கொண்டது. 1914-ல் லண்டனில் கதாபாத்திரமான ஜான் ஜாஸ்பர் மீது ஒரு மாதிரி வழக்கு விசாரணையே நடத்திப் பார்த்தார்கள். ஜி. கே. செஸ்டர்டன் நீதிபதி, ஜூரிகளின் தலைவர் பெர்னார்ட் ஷா. இன்றைய ரசிகர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவர்கள் அந்த இரண்டு பெயர்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அமானுஷ்யக் கதையில் அந்த ஒப்பந்தமே கிடையாது. சுவரைத் துளைத்துக்கொண்டு போகக்கூடிய ஒன்று இருக்கிறது என்று முதல் காட்சியிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியானால் அது எந்தச் சுவரையெல்லாம் துளைக்கும், எதைத் துளைக்காது? யாரைக் கொல்லும், யாரை விட்டுவிடும்? ரசிகன் முதலில் தேடவேண்டியிருப்பது குற்றவாளியை அல்ல, அந்த உலகத்தின் சட்டப் புத்தகத்தை. ‘இனி என்ன நடக்கும்’ என்று அவன் கேட்பது போலத் தெரிகிறது. உண்மையில் ‘இங்கே என்னவெல்லாம் நடக்க முடியும்’ என்றுதான் கேட்கிறான். பேய்க்கு அரசியல் சாசனம் எழுதுகிற வேலை அது. சம்பளம் இல்லாமல் லட்சம் பேர் உட்கார்ந்து எழுதினார்கள்.

நம் வீட்டுக் கதையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1990-களில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது. அதில் ‘விடாது கருப்பு’ ஓடியபோது வீட்டுக்கு வீடு வாக்குவாதம்: தண்டிப்பது கருப்பண்ண சாமியா, மனிதக் கையா? ஆனால் கருப்பின் சட்டம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை, கவனியுங்கள். அது ஊருக்கே தெரியும். எல்லைக்குக் காவல், பொய்ச் சத்தியம் பண்ணினால், அடுத்தவன் சொத்தைத் தின்றால், வெள்ளைக் குதிரையில் வந்துவிடும். தலைமுறை தலைமுறையாக எழுதி முடித்த சட்டம். நாம் ஆளை மட்டும் ஊகித்தால் போதும். அமெரிக்கத் தீவுக்கோ குலதெய்வம் இல்லை, தலபுராணம் இல்லை. பார்வையாளர்களே உட்கார்ந்து ஒரு தலபுராணத்தை உண்டாக்க வேண்டியிருந்தது.

அவர்கள் உண்டாக்கியதில் மிகப் பெரியது, எல்லோரும் செத்துவிட்டார்கள் என்ற ஊகம். விமானம் விழுந்ததில் யாருமே பிழைக்கவில்லை. தீவு என்பது பாவம் கழிக்கும் இடம். கிறிஸ்தவ மரபில் சொல்லப்படும் உத்தரிக்கும் ஸ்தலம். இதற்கு ஆதாரம் குவிந்துகொண்டே இருந்தது. அத்தனை பேருக்கும் பின்னால் ஏதோ ஒரு பாவக்கணக்கு. நாயகன் ஜாக்கின் தந்தை உடலைக் கொண்டுவந்த சவப்பெட்டி தீவில் காலியாகக் கிடக்கிறது. தயாரிப்பாளர்கள் முதல் சீசன் நடக்கும்போதே இதை மறுத்தார்கள். மறுத்துவிட்டு, இரண்டாவது சீசனில் ஒரு காட்சியில் ஃப்ளான் ஓ’பிரையனின் ‘மூன்றாவது போலீஸ்காரன்’ நாவலைக் கண்ணில் படும்படி வைத்தார்கள். ஆசிரியர் இறந்தபின் 1967-ல் வெளிவந்த அயர்லாந்துக்காரரின் நாவல் அது. கதை என்ன? கதை சொல்பவன் ஆரம்பத்திலேயே செத்துவிட்டான். செத்தது அவனுக்குத் தெரியாது. புத்தகம் சில வாரங்களுக்குள் ஆயிரக்கணக்கில் விற்றுத் தீர்ந்தது. ஒரு கையால் மறுத்து மறு கையால் எண்ணெய் ஊற்றினால் ரசிகன் எதை நம்புவான்?

பெயர்களையும் விடவில்லை. லாக், ஹ்யூம், ரூஸோ, பக்கூனின் என்று தத்துவவாதிகளின் பெயர்கள் கதாபாத்திரங்களுக்கு. பௌதிகம் பேசுகிறவனுக்கு ஃபாரடே. கல்லூரியில் தூங்கி வழிந்த தத்துவப் பாடத்தை, காட்டுக்குள் மரம் முறித்த அந்த ஒன்று புகை வடிவில் வருவது ஏன் என்று தெரிந்துகொள்வதற்காக மறுபடி எடுத்துப் படித்தவர்கள் உண்டு. ஜான் லாக்கின் வெற்றுப் பலகைக் கொள்கைக்கும் சக்கர நாற்காலியை விட்டு எழுந்தவருக்கும் முடிச்சுப் போட்டுக் கட்டுரைகள் வந்தன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் எழுத்தாளர்களுக்கு அவ்வளவு ஆழமான திட்டம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெயர் வைப்பது சுலபம். கொள்கையை எபிசோடு எபிசோடாகக் கதையில் ஓட்டுவது கஷ்டம்.

அப்புறம் அந்த எண்கள். 4, 8, 15, 16, 23, 42. ஹியூகோ ரேயஸ் என்கிற ஹர்லி இந்த எண்களைப் போட்டு லாட்டரியில் கோடீஸ்வரன் ஆகிறான். ஆன நாள் முதல் அவனைச் சுற்றி ஒரே சாவும் சீரழிவும். அதே எண்கள் தீவின் நிலத்தடி அறையின் மூடியில் பொறித்திருக்கின்றன. கூட்டினால் 108. அந்த அறைக்குள் 108 நிமிடத்துக்கு ஒருமுறை கணினியில் அதே எண்களைத் தட்டாவிட்டால் உலகம் அழியும் என்கிறார்கள். 108 என்றதும் நம் ஆட்களுக்குக் காது விடைக்கும். அந்த எண்களுக்குக் காரணம் என்னவென்று தொடர் கடைசிவரை முழுசாகச் சொல்லவில்லை. ஒன்று மட்டும் நடந்தது. 2011 ஜனவரி 4 அன்று அமெரிக்காவின் மெகா மில்லியன்ஸ் குலுக்கலில் 4, 8, 15, 25, 47 விழுந்து, தனி எண்ணாக 42 வந்தது. ஹர்லியின் எண்களை வேடிக்கைக்காக எழுதிப் போட்ட ஆயிரக்கணக்கானோருக்கு நான்கு எண்கள் பொருந்தி, பெரும்பாலோர் கைக்கு ஆளுக்கு 150 டாலர் வந்தது. சாபம் ஏதும் தொற்றியதாகத் தகவல் இல்லை.

இனி சமையலறைப் பக்கம் போவோம். ரசிகனின் ஊகம் முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: எங்கோ ஓர் அறையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எல்லாம் தெரியும். திரையில் தெரியும் எதுவும் தற்செயல் இல்லை. இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும்?

தொடரின் நாயகன் ஜாக், முதல் எபிசோடின் நடுவிலேயே சாகவேண்டியவன். மைக்கேல் கீட்டனைப் போட்டு அவரைச் சாகடித்து அதிர்ச்சி கொடுக்கலாம் என்பது முதல் திட்டம். பார்ப்பவர்கள் இனி யாரையும் நம்பமாட்டார்கள் என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொன்னதால் ஜாக் பிழைத்தார், ஆறு சீசன் ஓடினார், கடைசிக் காட்சியில் கண்ணை மூடினார். வில்லன் பெஞ்சமின் லைனஸாக நடித்த மைக்கேல் எமர்சன், மூன்று எபிசோடுக்கென்று அழைக்கப்பட்டவர். கட்டிவைத்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்த்த பார்வையில் எழுத்தாளர்கள் மயங்கினார்கள். ஆள் தீவின் தலைவன் ஆகிவிட்டார்.

வால்ட் என்ற சிறுவன் கதை இன்னும் பரிதாபம். அவனிடம் ஏதோ விசேஷ சக்தி இருக்கிறது என்று முதல் சீசன் முழுக்கக் கோடி காட்டினார்கள். பறவைகள் வந்து கண்ணாடியில் மோதிச் சாகின்றன; அவன் படக்கதையில் பனிக்கரடியைப் பார்த்த பிறகுதான் பனிக்கரடி வருகிறது. எல்லாம் அவன் கற்பனையே என்ற ஊகம் முளைத்தது அங்கேதான். ஆனால் தீவில் முதல் நான்கு சீசனும் சேர்ந்து நூறு நாள் சொச்சம். வெளியே நான்கு வருஷம். நடித்த பையன் மால்கம் டேவிட் கெல்லி வாலிபனாக வளர்ந்துகொண்டிருந்தான். மீசை அரும்பும் பையனை வைத்துக்கொண்டு இன்னும் பத்து நாள்தான் ஆகியிருக்கிறது என்று யாரை நம்பவைப்பது? படகில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தொடரின் மிகப் பெரிய புதிரை முடித்துவைத்தது பருவ வயது.

இதற்கெல்லாம் மூத்த உதாரணம் ஒன்று உண்டு. டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய ‘ட்வின் பீக்ஸ்’. 1990 ஏப்ரல் 8 அன்று ஏபிசியில் தொடங்கியது. மரம் அறுக்கும் சின்ன ஊர். லாரா பாமர் என்ற பள்ளி மாணவியின் உடல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கரை ஒதுங்குகிறது. யார் கொன்றது என்று தேசமே கேட்டது. வீடியோ கேசட்டில் பதிந்து, நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு பிம்பமாக ஆராய்ந்தார்கள். அதில் பாப் என்ற கொடிய ஆவி எப்படிப் பிறந்தது தெரியுமா? ஃப்ராங்க் சில்வா என்பவர் படப்பிடிப்புத் தளத்தை அலங்கரிக்கும் ஊழியர். லாராவின் தாய் அலறும் காட்சியைப் படமாக்கியபோது சுவர்க் கண்ணாடியில் அவர் உருவம் தப்பித் தவறி விழுந்துவிட்டது. காட்சி கெட்டுவிட்டது என்று ஒளிப்பதிவுக் குழு சொன்னது. லிஞ்ச் அதை அப்படியே வைத்துக்கொண்டார். சில்வா ஆவியானார்.

அந்தத் தொடரின் அடையாளமான சிவப்புத் திரை அறையும் அப்படித்தான். முதல் படத்தை ஐரோப்பாவில் தனி வீடியோவாக விற்க, கதைக்கு ஒரு முடிவு இருந்தாக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு. அதற்காக அவசரத்தில் எடுத்த காட்சியில் பிறந்த அறை அது. பிறகு நாயகனின் கனவாகத் தொடருக்குள் வந்தது. ஒப்பந்தக் காகிதத்தின் ஒரு வரி, பின்னால் முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்யப்பட்ட மறு உலகமாக விரிந்தது. லிஞ்சின் மேதைமை அதில் இருக்கிறது. ஆனால் அது முன்கூட்டியே வரைந்த வரைபடத்தில் இல்லை, விழுந்ததைப் பொறுக்கிக்கொண்ட கையில் இருக்கிறது.

கொலையாளி யாரென்று சொல்லிவிடுங்கள் என்று தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியது. லிஞ்சுக்குச் சொல்ல விருப்பமே இல்லை. அந்தக் கேள்வி பொன்முட்டை இடும் வாத்து என்று பின்னாளில் வருத்தப்பட்டார். ரகசியம் கசியாமலிருக்க அடுத்த கொலைக் காட்சியை வேறு வேறு நடிகர்களைக் கொலையாளியாக வைத்துப் படமாக்கினார்கள். 1990 நவம்பர் 10 அன்று விடை வந்தது: லாராவின் தந்தை, அவருக்குள் பாப். விடை தெரிந்ததும் கூட்டம் கலையத் தொடங்கிற்று. 1991 ஜூன் 10-ல் தொடர் முடிந்தது. ஊகத்தைக் கொன்றதால் தொடர் செத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. அதே ரகசியத்தை இன்னும் இரண்டு வருஷம் இழுத்திருந்தாலும் கூட்டம் கலைந்துதான் இருக்கும், கோபத்தோடு கலைந்திருக்கும். விடை சொன்னது தவறில்லை. சொன்ன பிறகு அந்த உலகத்தின் சட்டத்தில் இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று பல வாரங்கள் யாருக்கும் தெரியாமல் போனதுதான் கோளாறு.

‘லாஸ்ட்’ இந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தது. எத்தனை சீசன் ஓடும் என்று தெரியாமல் எழுதுவது, எத்தனை நாள் விருந்தாளி தங்குவார் என்று தெரியாமல் அரிசி களைவது போலத்தான். மூன்றாவது சீசனில் ஜாக்கை அடைத்துவைத்து வாரங்களைத் தள்ளினார்கள். அவர் கையிலுள்ள பச்சை எப்படிக் குத்தப்பட்டது என்பதற்கு முழுசாக ஒரு எபிசோடு. இதற்குமேல் இழுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று தயாரிப்பாளர்கள் டேமன் லிண்டலாஃபும் கார்ல்டன் க்யூஸும் நிர்வாகத்திடம் வாதாடினார்கள். 2007 மே மாதம் முடிவு வந்தது: இன்னும் 48 எபிசோடுகள், மூன்று சீசன், 2010-ல் முற்றுப்புள்ளி. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு மூன்று வருஷம் முன்னாலேயே சாவு நாள் குறிப்பது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அபூர்வம். அதுவரை ‘எப்போதும் போய்க்கொண்டே இருக்கும்’ என்றிருந்த கதைக்கு அன்றைக்குத்தான் ‘எங்கே போகிறது’ என்ற கேள்வியே பொருந்த ஆரம்பித்தது.

அதே மாதம் 23-ம் தேதி அவர்கள் செய்த வித்தை, என் கணக்கில் தொடரின் உச்சம். மூன்று வருஷமாக ஒவ்வொரு எபிசோடிலும் தீவுக்கு நடுவே ஒருவருடைய பழைய வாழ்க்கை ஃப்ளாஷ்பேக்காக வரும். அன்றும் வந்தது. தாடி வளர்த்து, மாத்திரை விழுங்கி, பாலத்தில் ஏறிக் குதிக்கப் போகும் ஜாக். எல்லோரும் பழைய ஜாக் என்று பார்த்தார்கள். கடைசி நிமிடத்தில் விமான நிலையத்துக்கு வெளியே, அவனோடு விமான விபத்தில் பிழைத்த கேட் என்ற பெண் வந்து நிற்கிறாள். தீவில்தானே இருவரும் முதன்முதலில் சந்தித்தார்கள்? அப்படியானால் நாம் பார்த்தது கடந்த காலம் இல்லை. தப்பித்து வீடு திரும்பிய பிறகு நடப்பது. எந்த ஊகக்காரரும் சந்தேகிக்காத ஒரே இடம் கதை சொல்லும் முறை. அங்கே கை வைத்தார்கள். அன்றிரவு பழைய கணக்கெல்லாம் கிழிந்தது, ஒருவருக்கும் கோபம் வரவில்லை. ஏமாற்றப்பட்டதில் எல்லோருக்கும் பரம சந்தோஷம். சட்டத்தை மீறாமல், சட்டத்தில் படிக்காமல் விட்ட ஒரு பிரிவைக் காட்டி ஜெயிப்பதற்கும் சட்டத்தையே மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ரசிகனுக்கு நன்றாகத் தெரியும்.

ஊகம் திரும்பிப் போய்த் தொடரையும் தொட்டது. நாற்பது சொச்சம் பேர் பிழைத்தார்கள் என்கிறீர்கள், பதினைந்து பேர்தானே பேசுகிறார்கள், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேள்வி எழுந்தது. உடனே நிக்கி, பாவ்லோ என்று இருவரை ஆரம்பம் முதல் இருந்தவர்கள் போல நுழைத்தார்கள். ரசிகர்களுக்கு அவர்களைக் கண்டாலே ஆகவில்லை. 2007 மார்ச்சில் இருவருக்கும் சிலந்தி விஷத்தால் உடல் மரத்துப்போய், செத்துவிட்டார்கள் என்று எண்ணி மற்றவர்கள் உயிரோடு புதைத்துவிடுகிறார்கள். வாசகர் கடிதத்துக்கு இவ்வளவு கொடூரமாகப் பணிந்த எழுத்தாளர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது வழக்குமன்றத்துக்கு வருவோம். புகையின் சட்டத்தை ரசிகர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொகுத்திருந்தார்கள். அது சாம்பல் வளையத்தைத் தாண்டாது. செத்தவர் உருவத்தை எடுக்கும். தீவை விட்டு வெளியே போக முடியாது. போகத் துடிப்பதுதான் அதன் கதையே. கடைசி சீசனில் புகையே ஜாக்கிடம் ஒத்துக்கொள்கிறது: உன் செத்துப்போன அப்பா உருவத்தில் வந்தது நான்தான். சரி. ஆனால் அதே அப்பா நான்காவது சீசனில் கடலில் நிற்கும் கப்பலில் வால்ட்டின் தந்தை மைக்கேல் முன் தோன்றினாரே? லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் ஜாக் கண்ணில் பட்டாரே? தண்ணீரைத் தாண்ட முடியாதது எப்படித் தாண்டிற்று? மருத்துவமனையில் வந்தது மனப்பிரமை என்று ஒரு தரப்பு. கப்பலில் வந்தது வேறு ஆவி என்று இன்னொரு தரப்பு. தொடர் கைவிட்ட இடத்தில் ரசிகர்கள் உரை எழுதினார்கள். மூல நூலில் முரண் தென்பட்டால் அதை நூலாசிரியரின் தவறு என்று சொல்லாமல் சமாதானம் தேடுகிற உரையாசிரியர் மனம் இது. நமக்குப் பழக்கமான மனம்தான்.

ஒரு இடத்தில் உரையாசிரியர்களும் தோற்றார்கள். முதல் சீசனின் ஆறாவது எபிசோடில் குகைக்குள் இரண்டு எலும்புக்கூடுகள். ஒரு பையில் ஒரு கறுப்புக் கல், ஒரு வெள்ளைக் கல். ஆதாம் ஏவாள் என்று பெயர் வைத்தார்கள். முடிவை முதலிலேயே யோசித்து வைத்திருக்கிறோம் என்பதற்கு இந்தக் கூடுகளே சாட்சியாகும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லிவந்தார்கள். ஆறு வருஷம் ஊகம் நடந்தது. காலப் பயணம் கதைக்குள் வந்ததும், அது ஜாக்கும் கேட்டும்தான், பழைய காலத்தில் சிக்கிச் செத்திருக்கிறார்கள் என்றார்கள் பலர். ரோஸும் பெர்னார்டும் என்றார்கள் சிலர். எனக்கு இந்த இரண்டாவது ஊகம் இன்றைக்கும் பிடிக்கும். தீவிலேயே தங்கிவிட்ட அந்த வயதான தம்பதிக்கு அது பொருத்தமான சமாதியாக இருந்திருக்கும். 2010 மே 11 அன்று உண்மை வந்தது: அவர்கள் கணவன் மனைவியே அல்ல, தாயும் வளர்ப்பு மகனும். லத்தீன் பேசிய காலத்து மனிதர்கள். அழகான விடை. ஆனால் முதல் சீசனில் மருத்துவர் ஜாக் அந்தத் துணியைத் தடவிப் பார்த்து, இப்படி மக்குவதற்கு நாற்பது ஐம்பது வருஷம் ஆகும் என்று சொல்லியிருந்தார். நாற்பது வருஷம் எங்கே, லத்தீன் காலம் எங்கே? எல்லாம் தெரிந்த அந்த மனிதர் அந்த அறையில் முதலிலிருந்தே உட்கார்ந்திருக்கவில்லை என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. முதல் இரண்டு சீசனில் எழுதிய ஹாவியர் க்ரில்யோ மார்ஷுவாக் 2015-ல் எழுதிய நீண்ட கட்டுரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: பெரிய சில எண்ணங்கள் முதலிலிருந்தே இருந்தன, மிச்சத்தில் நிறைய போகிற போக்கில் வந்தது.

2010 மே 23 அன்று கடைசி எபிசோடு. அமெரிக்காவில் சுமார் 1 கோடியே 35 லட்சம் பேர் பார்த்தார்கள். ஆறாவது சீசன் முழுக்க, விமானம் விழாமலே போன இன்னொரு வாழ்க்கை இணையாக ஓடியது. அது என்னவென்று அன்று தெரிந்தது: அது செத்த பிறகு அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதற்காக அவர்களே உண்டாக்கிய இடம். தீவில் நடந்ததெல்லாம் நிஜம் என்று தேவாலயத்தில் ஜாக்கிடம் அவன் தந்தை தெளிவாகச் சொல்கிறார். ஆக, முதல் சீசனில் மறுக்கப்பட்ட ஊகம் ஆறாவது சீசனில் பின்வாசல் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தீவு மறு உலகம் இல்லை; ஆனால் மறு உலகம் ஒன்று இருந்தது. ஊகித்தவர்கள் தோற்றார்களா ஜெயித்தார்களா என்று இன்றுவரை தீர்ப்பு இல்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பெயர்கள் ஓடும்போது, ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதிலங்கள் கிடக்கும் காட்சிகளை ஏபிசி சேர்த்துக் காட்டியது. உருக்கமான முடிவுக்குப் பின் சட்டென்று செய்தி ஆரம்பித்தால் நன்றாயிராதே என்று ஒரு இடைவெளிக்காகச் சேர்த்தது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு விளக்கமும் கொடுத்தார்கள். ஆறு வருஷமாக ஒவ்வொரு பிம்பத்தையும் சாட்சியாகப் பார்க்கப் பழகிய கண்களிடம் அப்படி ஒரு காட்சியைக் கொடுத்தால் என்ன ஆகும்? சிதிலத்தில் மனித நடமாட்டமே இல்லையே, அப்படியானால் அன்றைக்கே எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று லட்சக்கணக்கானோர் தீர்மானித்துவிட்டார்கள். இன்றும் அந்தத் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘கடைசியில் எல்லோரும் முதலிலேயே செத்தவர்களாமே’ என்று ஒருவராவது சொல்வார். மறுத்துப் பாருங்கள், அந்தக் கடற்கரைக் காட்சியைச் சாட்சிக்கு அழைப்பார்.

விடை சொல்லி முடித்த பிறகும் கேள்வி தீராது என்பது தொலைக்காட்சியோடு வந்த வியாதி இல்லை. கல்கி 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை வாரா வாரம் எழுதி முடித்தார். கதை திடீரென்று நின்றுவிட்டது போலிருக்கிறது, அவர் என்ன ஆனார், இவள் யாரைக் கட்டிக்கொண்டாள் என்று வாசகர்கள் கேட்டதால் ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பின்கதையை வரிசையாகச் சொன்னார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் வாசகன் பக்கமே விட்டுவிட்டார். அறுபது எழுபது வருஷமாக நம் வீட்டுத் திண்ணைகளில் அந்த வழக்கு நடக்கிறது. நந்தினிக்கு வக்காலத்து வாங்குகிறவர்களை எனக்கே தெரியும்.

‘லாஸ்ட்’ தயாரித்தவர்களும் ஒரு முடிவுரை எழுதினார்கள். 2010-ல் வட்டுத் தொகுப்போடு வந்த பன்னிரண்டு நிமிடப் படம். குவாமில் ஒரு கிடங்கு. இரண்டு ஊழியர்கள் வருஷக்கணக்கில் உணவு மூட்டைகளைக் கட்டி, எங்கே போகிறது என்று தெரியாமலே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பெஞ்சமின் லைனஸ் வந்து நிற்கிறார், உங்கள் வேலை முடிந்தது என்கிறார். அவர்கள் விடமாட்டேன் என்கிறார்கள். இத்தனை நாள் உழைத்ததற்கு எங்களுக்குப் பதில் வேண்டும். அவர் கேள்விகளுக்கு இடம் கொடுக்கிறார், ஒரு பழைய காணொளியையும் போட்டுக் காட்டுகிறார். பனிக்கரடி எதற்கு வந்தது என்பது அதில் தெரிகிறது. பிறகு லைனஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறார். அங்கே இருப்பவன் வால்ட், இப்போது வளர்ந்த ஆள். வெளியே வண்டியில் ஹர்லி காத்திருக்கிறான். தீவுக்கு வா, உனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று அழைத்துக்கொண்டு போகிறார்கள். என்ன வேலை என்று சொல்லவில்லை. என்னிடம் ஒரு ஊகம் இருக்கிறது. நேரம் ஆகிவிட்டதால், கேட்க விரும்புகிறவர்கள் வெளியே காபி குடிக்கும் இடத்துக்கு வாருங்கள்.